உப்புக்கு அடியில் 100 கோடி பீப்பாய்: புதுத் தரவா, புதுக் கணக்கா?

மண்வாசி

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் புவியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு நில அதிர்வுப் படமாக்கம், அதாவது பூமிக்குள் அதிர்வலையை அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியை வைத்து அடியில் உள்ள பாறையைப் படமாக்குவது, என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறேன்.

2019 ஜனவரியில் பிபி எண்ணெய் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மெக்சிகோ வளைகுடாவில் தண்டர் ஹார்ஸ் வயலில் கூடுதலாக 100 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கிறதாம். அதே வளைகுடாவின் அட்லாண்டிஸ் வயலில் இன்னொரு 40 கோடி. இரண்டுமே புது வயல்கள் இல்லை. அட்லாண்டிஸ் 1998-லும் தண்டர் ஹார்ஸ் 1999-லும் கண்டுபிடிக்கப்பட்டவை, பத்து வருடமாக எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த இடங்கள். புது அல்காரிதம் வைத்து அலசியதில் தெரிந்தது, ஒரு வருட வேலை சில வாரங்களில் முடிந்தது என்று அறிக்கை சொல்கிறது.

என் கேள்வி: இத்தனை வருடம் இவ்வளவு எண்ணெய் எங்கே ஒளிந்திருந்தது? எங்கள் பேராசிரியர் "எல்லாம் கம்ப்யூட்டர் வேகம்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவுதானா?

கடலடி

தம்பி, ஹூஸ்டனில் 17 வருடமாக இதே பிழைப்பு. முதலில் அந்த எண்ணை உடைத்துவிடுவோம். 100 கோடி என்பது பாறைக்குள் மொத்தமாக இருப்பதாக மதிப்பிட்டது. மேலே வருவது அதில் ஒரு பங்குதான், பாதிகூட வராது என்பதே வழக்கம். முதலீட்டாளர் காதில் விழ வேண்டும் என்று எழுதும் அறிக்கையில் பெரிய எண்தான் தலைப்பில் இருக்கும். செமினாரில் இதை மறக்காமல் சொல்லு, கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி ஒளிந்திருந்த கதை. வளைகுடாவின் அடியில் லூவான் என்ற ஜுராசிக் கால உப்புப் படுகை இருக்கிறது. அதன் மேல் கிலோமீட்டர் கணக்கில் மண் படிந்தபோது, முறுக்கு அச்சில் மாவு பிதுங்குகிற மாதிரி உப்பு மேலே பிதுங்கியது. தூணாக, குடையாக, நாக்காக, நினைத்த வடிவத்தில். எண்ணெய் பல இடங்களில் அந்தக் குடைக்கு அடியில் இருக்கிறது.

உப்பில் அலை வினாடிக்கு 4,500 மீட்டர் போகும். சுற்றியுள்ள மண் பாறையில் 2,500, 3,000 என்று போகும். அலை உள்ளே நுழையும்போது ஒரு தடவை வளையும், வெளியேறும்போது இன்னொரு தடவை. எதிரொலி திரும்பி வரும்போதும் அதே கூத்து. மழை வழியும் பஸ் ஜன்னல் வழியாகத் தெரு விளக்கைப் பார்த்திருப்பாய், ஒரு விளக்கு மூன்றாகத் தெரியும். கண்ணாடி மேல் தண்ணீர் எங்கே எவ்வளவு கனம் என்று தெரிந்தால் விளக்கைக் கணக்குப் போட்டு அதன் இடத்தில் வைத்துவிடலாம். எங்கள் வேலையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்க் கனத்தைத் தேடுவதுதான், விளக்கைத் தேடுவது அல்ல. வேகத்தில் 1 சதவீதம் தப்பினாலே 8 கிலோமீட்டர் ஆழத்தில் 80 மீட்டர் தள்ளிப் போய்விடும். தேடுகிற மணற்கல் அடுக்கே சில பத்து மீட்டர் கனம்தான்.

பழைய முறையில் உப்பின் மேல் எல்லையை ஆள் உட்கார்ந்து கையால் வரைவோம். அதற்குக் கீழே எல்லாமே உப்பு என்று வைத்து ஒரு படம் எடுப்போம். அதில் அடி எல்லை தெரிந்தால் அதை வரைவோம். பிறகு இன்னொரு படம். ஒரு சுற்றுக்கு மாதக்கணக்கு. முதல் கோட்டில் தப்பினால் கீழே இருப்பதெல்லாம் கற்பனை.

பழைய பார்ட்டி சீஃப்

கடலடி சொன்னது சரி, ஆனால் தரையிலிருந்து ஒரு வார்த்தை. நான் ஓய்வு பெற்று கும்பகோணத்தில் இருக்கிறேன். 80களில் காவிரிப் படுகையில் நரிமணம், கோவில்களப்பால் என்று எண்ணெய் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு சர்வே பார்ட்டியில் இருந்தேன். ஒரே நேரத்தில் 96 தடங்களைப் பதிவு செய்யும் 96 சேனல் கருவி வந்தபோது ஏதோ ராக்கெட் வந்த மாதிரி சுற்றி நின்று பார்த்தோம்.

அறுவடை முடியும் வரை காத்திருப்போம். ஷாட் ஹோல் போட்டு, அடியில் வெடிமருந்தை இறக்கி, வரப்பு நெடுக ஜியோஃபோன் (தரை அதிர்வைக் கேட்கும் கருவி) குத்துவோம். சுற்று வட்டாரத்தில் எங்கே பம்புசெட்டு ஓடினாலும் ரெக்கார்டில் தெரியும். ஷாட்டுக்கு முன்னால் சைக்கிளில் ஆள் அனுப்பி, "அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்துங்கள்" என்று கெஞ்ச வேண்டும். ஒரு தடவை என் ஆட்கள் ஒரு ஜியோஃபோன் சரத்தில் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். அந்த ஒரு தடம் மட்டும் தலைகீழாகப் பதிவாகி, மூன்று நாள் அப்படியே ஓடியது. தப்பு என்னுடையதுதான், காலைச் சோதனையை நான் பார்த்திருக்க வேண்டும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் அல்காரிதம் அல்காரிதம் என்கிறீர்கள். கேட்காத ஒலியை எந்தக் கணக்கும் கொண்டுவராது. மும்பைக் கடலில் உள்ள பம்பாய் ஹை எண்ணெய் வயலின் கட்டமைப்பை 60களில் ஒரு சோவியத் கப்பல்தான் அதிர்வு ஆய்வில் காட்டியது, 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்ற தோண்டும் மேடை அங்கே எண்ணெயைக் கண்டது. அன்றைய கணக்குகள் இன்றைக்குப் பொம்மை மாதிரி. ஆனாலும் கிடைத்தது.

அலைவரிசை

ஐயா, பம்பாய் ஹை ஒரு பெரிய, சாதுவான மேடு. மேலே உப்புக் குடை எதுவும் இல்லை. அதை ஓர் ஓட்டைக் கேமராவில்கூடப் படம் எடுத்திருக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நான் பெங்களூரில் ஜிபியு, அதாவது ஒரே நேரத்தில் ஏராளமான கணக்கைப் போடும் சிப், அதற்கு நிரல் எழுதுகிறவன். பேராசிரியர் பக்கம் கொஞ்சம் பேச விடுங்கள். ரிவர்ஸ் டைம் மைக்ரேஷன் என்ற முறை, அதாவது பதிவான அலையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டி அது எங்கே பட்டுத் திரும்பியது என்று பார்ப்பது, 1983-லேயே கட்டுரைகளாக வந்துவிட்டது. ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன் என்று இப்போது எல்லோரும் கொண்டாடுகிற எஃப்.டபிள்யூ.ஐ.க்கு 1984-ல் ஆல்பர்ட் டாரன்டோலா கணக்கை எழுதி வைத்தார். இரண்டும் இருபது வருடத்துக்கு மேல் அலமாரியில் தூங்கின. ஓட்ட இயந்திரம் இல்லை.

எஃப்.டபிள்யூ.ஐ. என்ன செய்கிறது என்று மண்வாசிக்காக: பூமி இப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி வைத்துக்கொள். கணினிக்குள்ளேயே அதற்கு வெடி வை. அங்கே வருகிற அலையையும் கடலில் பதிவான அலையையும் ஒப்பிடு. வித்தியாசம் குறைகிற பக்கமாக மாதிரியைத் திருத்து. மறுபடி வெடி. இப்படிப் பல பத்துச் சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரக்கணக்கான வெடிகள்.

செலவு எப்படி ஏறும் தெரியுமா? அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் கட்டங்கள் இரட்டிக்கும், காலப் படிகளும் இரட்டிக்கும். ஆக 16 மடங்கு. 5 ஹெர்ட்ஸில் ஒரு நாள் ஓடுவது 10-ல் 16 நாள், 20-ல் 256 நாள். இதனால்தான் இத்தாலியின் எனி நிறுவனம் தன் எச்பிசி6 கணினியை 13,000-க்கும் மேற்பட்ட ஜிபியுக்களோடு கட்டியது. 2024 நவம்பரில் உலகின் அதிவேகக் கணினிகள் பட்டியலில் 5-ஆம் இடம். எண்ணெய்க் கம்பெனிக்கு இவ்வளவு பெரிய கணினி எதற்கு என்று கேட்டால் முதல் பதில் இதுதான்.

சும்மா ஒரு கொசுறு: 1930-ல் எண்ணெய் தேட எதிரொலி சர்வே செய்வதற்கென்று ஜியோபிசிக்கல் சர்வீஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் 1951-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1958-ல் ஜாக் கில்பி கையால் சிப்பைச் செய்தது. நம் கால்குலேட்டருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் ஒரே வீட்டுப் பெயர்.

கடலடி

கொசுறு நன்று. ஆனால் வாதம் ஓட்டை.

இயந்திரம் மட்டும் போதுமென்றால், 2008-லிருந்து ரிவர்ஸ் டைம் மைக்ரேஷன் எல்லா இடத்திலும் ஓடுகிறதே, அப்போதே தண்டர் ஹார்ஸ் தெளிந்திருக்க வேண்டாமா? அந்த முறைக்கு வேகப் படத்தை, அதாவது எந்த இடத்தில் அலை என்ன வேகத்தில் போகும் என்பதை, நாம் கையில் கொடுக்க வேண்டும். தப்பான வேகத்தைக் கொடுத்தால் தப்பான இடத்தில் மிக அழகாகப் படம் எடுத்துத் தரும். எஃப்.டபிள்யூ.ஐ. அந்த வேகத்தையே தேடித் தருகிறது. அதற்குத் தீனி வேறு.

பழைய முறையில் ஒரே கப்பல், பின்னால் 8, 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிவாங்கிக் கேபிள்கள். நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் திரும்பும். ஒரு தூணை ஒரே பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கிற மாதிரி, மறுபக்கம் நிழல்தான். 2004-05-ல் மேட் டாக் வயலில் வெடி வைக்கிற கப்பலையும் கேட்கிற கப்பலையும் பிரித்து, பக்கவாட்டில் விலக்கி விலக்கி ஓட்டினார்கள். நிழலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பிறகு அட்லாண்டிஸில் 2005-06-ல் கேபிளே வேண்டாம் என்று நோட் எனப்படும் தனித்தனிப் பெட்டிகளை ரோபோ கையால் கடல்தரையில் வைத்தார்கள். சில இடங்களில் 2,000 மீட்டருக்கும் மேல் ஆழம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்குள் கேட்கும் ஒலிவாங்கி), மூன்று ஜியோஃபோன், பேட்டரி, கடிகாரம். மேலே கப்பல் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய் வெடி வைக்கலாம்.

தூரம் இங்கே முக்கியம். தூரம் கூடக் கூட, ஆழத்தில் போய் வளைந்து திரும்புகிற அலைகள் பதிவாகும். எதிரொலி சுவர் எங்கே என்று சொல்லும், வளைந்து வரும் அலைதான் நடுவில் இருக்கும் பாறையின் வேகத்தைச் சொல்லும். நார்வேயின் வால்ஹால் வயலில் 2003-ல் கடல்தரையில் நிரந்தரமாகக் கேபிள் புதைத்திருந்தார்கள். 2010 வாக்கில் அந்தத் தரவில் எஃப்.டபிள்யூ.ஐ. ஓட்டிக் காட்டியபோதுதான் தொழிலில் பாதிப் பேருக்கு இது விளையாட்டில்லை என்று புரிந்தது. மங்கலாகத் தெரிந்த ஆழமில்லாத எரிவாயு, பழைய ஆற்றுத் தடங்கள் எல்லாம் வேகப் படத்திலேயே வந்து நின்றன.

ஆக, பார்ட்டி சீஃப் ஐயா பக்கம்தான் என் ஓட்டு. கேட்டதனால் கிடைத்தது.

அலைவரிசை

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்லாண்டிஸ் நோட் தரவு 2006-லேயே கையில் இருந்ததே? அடுத்த பத்து வருடம் என்ன செய்தது அது?

கடலடி

நல்ல அடி. உப்பு இருக்கும் இடத்தில் எஃப்.டபிள்யூ.ஐ. ஓடவில்லை, அதுதான் காரணம். வால்ஹாலில் தடையாக நின்றது எரிவாயு மேகம், அங்கே வேகம் மெதுவாக மாறும். உப்பின் ஓரத்தில் 2,500-லிருந்து 4,500-க்கு ஒரே தாவல். அங்கே கணக்கு தடுமாறி, சுழற்சி நழுவல் என்கிற குழிக்குள் விழுந்துவிடும்.

மண்வாசி

அண்ணா, அந்த சுழற்சி நழுவலைப் பற்றி நாலு கட்டுரை படித்தேன், நாலிலும் ஒரே சமன்பாடு. விளங்கும்படி யாராவது சொல்லுங்களேன்.

கடலடி

சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருக்கிறாயா? ஒவ்வொரு பொத்தானும் ஒரு துளைக்குள் ஒழுங்காகத்தான் இருக்கும். கடைசியில் காலரைப் பார்த்தால்தான் தெரியும். அலையும் அப்படித்தான், மேடு பள்ளம் மேடு பள்ளம் என்று ஒரே மாதிரி வரிசை. உன் மாதிரியில் வரும் மேடு, உண்மையான மேட்டிலிருந்து அரைச் சுழற்சிக்கு மேல் தள்ளி இருந்தால், கணக்கு அதைப் பக்கத்து மேட்டோடு பொருத்திவிடும். வித்தியாசம் குறைகிறது, எல்லாம் நலம் என்று அறிக்கை தரும். பூமி மட்டும் தப்பாக இருக்கும்.

அரைச் சுழற்சி எவ்வளவு என்று பார். 10 ஹெர்ட்ஸில் 50 மில்லி வினாடி. 2 ஹெர்ட்ஸில் 250 மில்லி வினாடி. தாழ்ந்த அதிர்வெண்ணில் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், தள்ளிப் போட வாய்ப்புக் குறைவு. அதனால் எல்லோரும் கீழே போகத் துடித்தார்கள். சிக்கல் என்னவென்றால் கடலில் வெடிக்குப் பதிலாக அலையை எழுப்பும் வழக்கமான காற்றுத் துப்பாக்கி 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே முனகத்தான் செய்யும், கடல் அலையின் இரைச்சலே அதை விழுங்கிவிடும். பிபி இதற்கென்றே வுல்ஃப்ஸ்பார் என்று ஒரு கருவி செய்து, வெடிக்காமல் மெதுவாக உறுமவைத்து, 2 ஹெர்ட்ஸுக்கும் கீழே வளைகுடாவில் பதிவு செய்து காட்டியது.

இன்னொரு பக்கம் அட்லாண்டிஸ் ஆட்கள் பழைய நோட் தரவையே எடுத்து ஒப்பீட்டை மாற்றினார்கள். அலையின் வீச்சு, அதாவது மேட்டின் உயரம், ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல், எவ்வளவு நேரம் முந்தி அல்லது பிந்தி வருகிறது என்று மட்டும் பார்ப்பது. வீச்சு நூறு காரணத்தால் மாறும், நேரம் அவ்வளவு பொய் சொல்லாது. உப்பின் எல்லை தானாக நகர ஆரம்பித்தது. மனிதர் கையால் போட்ட கோடு பல இடங்களில் தப்பு என்று தரவே காட்டியது. 2017-ல் அட்லாண்டிஸில் 20 கோடி பீப்பாய் கூடுதல் என்று முதல் அறிவிப்பு வந்தது அப்படித்தான். நீ சொல்கிற 2019 அறிவிப்பு அதன் தொடர்ச்சி.

ஆகவே அலைவரிசை கேட்ட கேள்விக்குப் பதில்: தரவு பத்து வருடம் காத்திருந்தது உண்மை. அதை எழுப்பியது கணினி வேகம் மட்டும் இல்லை, எதை எதோடு ஒப்பிடுவது என்ற யோசனை.

அலைவரிசை

அந்த யோசனையைச் சோதித்துப் பார்க்க ஆயிரம் தடவை ஓட்டியிருப்பார்கள் இல்லையா, அது எதில் ஓடியது? 😀 சரி சரி, விட்டுவிடுகிறேன்.

திருவாரூர்க்காரி

இவ்வளவு நேரம் படித்தேன், ஒரு சந்தேகம். இந்தப் படத்தில் எண்ணெய் தெரியுமா? எங்கள் ஊரில் சர்வே ஆட்கள் வந்தாலே "இங்கே எண்ணெய் இருப்பது படத்தில் தெரிந்துவிட்டது" என்று பேச்சு கிளம்பிவிடும். அப்புறம் ஒரு வருடம் நிலம் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

பழைய பார்ட்டி சீஃப்

தெரியாதம்மா. பாறை எப்படி மடிந்திருக்கிறது, எங்கே முறிந்திருக்கிறது என்பது தெரியும். எண்ணெய் நிற்க வாய்ப்புள்ள பாத்திரம் தெரியும், பாத்திரத்துக்குள் என்ன என்பது தோண்டினால்தான். நான் வேலை பார்த்த இடத்தில் படத்தைப் பார்த்துக் கைதட்டி, தோண்டியபோது உப்புத் தண்ணீர் வந்த கிணறுகள் உண்டு. தவிர உங்கள் பகுதி 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகிவிட்டது, புதிதாக எண்ணெய் எரிவாயுத் திட்டம் தொடங்க அந்தச் சட்டம் தடை போடுகிறது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளுக்கு அது பொருந்தாது. ஊர்ப் பேச்சை நம்பி நிலத்தை விற்காமல் இருக்காதீர்கள்.

கடலடி

ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். எரிவாயு சில சமயம் தெரியும். மணலில் எரிவாயு புகுந்தால் எதிரொலி பளிச்சென்று வரும், 70களின் தொடக்கத்தில் அதை வைத்தே பல வயல்களைப் பிடித்தார்கள். ஆனால் கொஞ்சமே கொஞ்சம் எரிவாயு கலந்த தண்ணீரும் ஏறக்குறைய அதே பளிச்சைத் தரும். அதை நம்பித் தோண்டி ஏமாந்தவர்கள் எண்ணிக்கை குறைவில்லை. ஆழ்கடலில் ஒரு கிணறு 10 கோடி டாலரைத் தாண்டும்.

மண்வாசி

செயற்கை நுண்ணறிவு பற்றி யாரும் பேசவில்லையே? செமினாரில் அது இல்லாவிட்டால் கேள்வி வரும்.

அலைவரிசை

போடு, ஒரு ஸ்லைடு. 2018-ல் அதிர்வுத் தரவு விற்கும் டிஜிஎஸ் நிறுவனம், நிரலாளர்களுக்குப் போட்டி நடத்தும் காகிள் தளத்தில் ஒரு போட்டி வைத்தது: 101-க்கு 101 புள்ளிப் படங்களில் உப்பு எங்கே என்று குறிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான அணிகள் நன்றாகவே குறித்தன. கையால் கோடு போடும் அலுப்பு குறையும், முறிவுகளைத் தேடவும் நன்றாக உதவும். ஆனால் அது படம் எடுத்து முடிந்த பிறகு பார்க்கிற கண். தப்பான வேகத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தால் தப்பான உப்பை வேகமாகக் குறித்துத் தரும்.

பழைய பார்ட்டி சீஃப்

நமக்கு உப்பைவிடப் பெரிய தலைவலி எரிமலைப் பாறை. சௌராஷ்டிரம், கட்ச் பக்கம் தக்காணப் பசால்ட் அடுக்கடுக்காக மூடியிருக்கிறது. அடியில் படிவுப் பாறை இருக்கிறது, அலை உள்ளே போவதற்குள் ஒவ்வோர் அடுக்கிலும் தட்டித் தட்டிச் சிதறிவிடும். எங்கள் காலத்தில் அந்தப் பகுதி ரெக்கார்டைப் பார்த்தால் அரிசியைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். தாழ்ந்த அதிர்வெண் அதற்குள்ளும் கொஞ்சம் நுழையும் என்று கேள்விப்பட்டேன். கடலடி, உண்மையா?

கடலடி

உண்மைதான் ஐயா. அலைநீளம் பெரிதாக இருந்தால் மெல்லிய அடுக்குகள் அதன் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது, மொத்தமாக ஒரே பாறை மாதிரி கடந்துவிடும். வடக்கு அட்லாண்டிக்கில் பரோ தீவுகள் பக்கம் பசால்ட்டுக்கு அடியில் பார்க்க அதைத்தான் செய்தார்கள், துப்பாக்கியையும் கேபிளையும் ஆழமாக இறக்கித் தாழ்ந்த பகுதியைப் பலப்படுத்தி. விலை என்னவென்றால் படம் மழுங்கும். பெரிய மேடு தெரியும், சின்ன முறிவு தெரியாது.

மண்வாசி, செமினாரில் இன்னொன்றும் சேர்த்துக்கொள். இதே தொழில்நுட்பம் எண்ணெய் எடுக்க மட்டுமில்லை. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996-லிருந்து கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். சில வருடத்துக்கு ஒரு தடவை அதே இடத்தை மறுபடி படம் எடுத்து, வாயு எங்கே பரவுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எண்ணெய் ஓய்ந்தாலும் எங்களுக்குக் கொஞ்சம் சோறு உண்டு.

மண்வாசி

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டு ஆசை வந்து, நேற்று ராத்திரி லேப்டாப்பில் மார்மூசி மாதிரியை வைத்து எஃப்.டபிள்யூ.ஐ. ஓட்டிப் பார்த்தேன். அங்கோலாவின் ஒரு படுகையை ஒட்டி பிரெஞ்சுக்காரர்கள் 1988-ல் செய்த சோதனை மாதிரி அது, விடை முன்கூட்டியே தெரியும். 60 சுற்று ஓடியது. வித்தியாசம் அழகாகக் குறைந்துகொண்டே வந்தது. சந்தோஷமாகப் படத்தைத் திறந்தால், நடுவில் இருக்க வேண்டிய முறிவுகளுக்குப் பதிலாக வாழைக்காய்ச் சீவல் மாதிரி ஏதோ இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

கடலடி

எத்தனை ஹெர்ட்ஸில் ஆரம்பித்தாய்?

மண்வாசி

10.

பழைய பார்ட்டி சீஃப்

காலரைப் பார் தம்பி.

மண்வாசி

😂 3-லிருந்து ஆரம்பிக்கிறேன். ராத்திரிக்குள் முடிந்தால் படம் போடுகிறேன்.